விரல் வைக்கும் முன்



இன்றைய பேச்சு வண்டி வாங்குவது பற்றியது.

"கார் வாங்கப் பணம் ஏது? இந்தப் பேச்சு நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். பொறுங்கள். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் இதே கதைதான். ஆட்டோ வாங்கினாலும் இதே கதைதான். முன்பெல்லாம் கடைக்குப் போய் வண்டி வாங்கினார்கள். இப்போது செல்போனில் விரலால் தொட்டு வாங்கச் சொல்கிறார்கள். இது நல்லதா, கெட்டதா? எதில் கவனம் வேண்டும்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு குடும்பத்தின் கதையோடு தொடங்குவோம். கதைக்காகச் சொல்லும் குடும்பம்தான். ஆனால் இதில் வருபவை நாட்டில் நாள்தோறும் நடப்பவை.

லேக் மார்க்கெட் குடும்பம்

கொல்கத்தா மாநகரின் தென் பகுதியில் லேக் மார்க்கெட் என்ற இடம் இருக்கிறது. தென்னாட்டு மக்கள் பல காலமாக வாழும் இடம் அது. அங்கே வாழை இலை கிடைக்கும். மல்லிகைப் பூ கிடைக்கும். நல்ல காப்பிப் பொடியும் கிடைக்கும்.

அங்கே ஒரு தம்பதி இட்லிக் கடை நடத்துகிறார்கள். இருவரும் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். கணவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். மனைவிக்குத் தமிழ் படிக்கத் தெரியும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது அல்லவா? ஆயிரக்கணக்கான பெண்கள் அப்போது எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். இந்த அம்மாவும் அப்படிக் கற்றவர்தான்.

வீட்டில் வயதான பாட்டி இருக்கிறார். வாரம் இரண்டு முறை அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். முன்பெல்லாம் தெருமுனையில் மஞ்சள் டாக்சி நிற்கும். கையைக் காட்டினால் வரும். இப்போது அந்த டாக்சிகள் குறைந்துவிட்டன. அதனால் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். மகளுக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்சும் இருக்கிறது. இட்லி விற்றுச் சேர்த்த பணம் 2,20,000 ரூபாய் இருந்தது. பல வருடச் சேமிப்பு அது.

ஒரு நாள் இரவு மகள் போனைக் காட்டினாள்.

"அப்பா, இதுல பாருங்க. நூத்துக்கணக்கான கார் இருக்கு. விலையும் போட்டிருக்கு. வீட்டுல இருந்தே வாங்கலாம்."

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஏம்மா, உங்க தாத்தா மாடு வாங்குனா பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாரு. சுழி பார்ப்பாரு. நடக்கவிட்டுப் பார்ப்பாரு. அப்புறம்தான் துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசுவாரு. நீ படத்தைப் பார்த்து வண்டி வாங்கச் சொல்றியே!"

"காலம் மாறிடுச்சுப்பா" என்றாள் மகள்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அது எப்படி? முதலில் பழைய காலத்தைப் பார்ப்போம்.

காத்திருந்த காலம்

கொல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாரா என்ற ஊர் இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்ற கம்பெனியின் பெரிய கார் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இந்தக் கம்பெனி 1942-இல் தொடங்கியது. 1948-இல் உத்தர்பாராவுக்கு வந்தது. அங்கே உள்ள ரயில் நிலையத்துக்கே இந்த் மோட்டார் என்றுதான் பெயர். அம்பாசடர் கார் அங்கே உருவானதுதான். மந்திரிகள் போனது அதில். கலெக்டர் போனது அதில். கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சியும் அதே அம்பாசடர்தான்.

அந்தக் காலத்தில் நாட்டில் கார் வகைகள் மிகக் குறைவு. கொல்கத்தா பக்கம் அம்பாசடர். பம்பாயில் பிரீமியர் பத்மினி. சென்னைப் பக்கம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு. பெரும்பாலும் இந்த மூன்றுதான். எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசின் உரிமம்தான் முடிவு செய்தது. ஆகவே கார் குறைவு, கேட்பவர் அதிகம். பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. அப்போது வாங்குபவர்தான் கும்பிட வேண்டும். விற்பவர் தலையை ஆட்டினால் போதும்.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி கார் வந்தது. பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை வாங்கியவர் கையில் கொடுத்தார். 1991-க்குப் பிறகு உரிமக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. நம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை வந்தது. 1998-இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. காத்திருந்த காலம் மெல்ல மெல்ல மறைந்தது. ஊருக்கு ஊர் கண்ணாடி போட்ட ஷோரூம்கள் வந்தன.

உத்தர்பாராவில் 2014 மே மாதம் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. அதற்கு முன்பே, 2008-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. 15 ஆண்டுக்கு மேல் ஆன வாடகை வண்டிகள் கொல்கத்தா மாநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்பது அந்த உத்தரவு. புது அம்பாசடர் வருவதில்லை. பழையதும் வயதாகி ஓய்கிறது. மஞ்சள் டாக்சி குறைந்ததற்கு இவை முக்கியமான காரணங்கள்.

டீலர் என்ன செய்கிறார்?

கார் செய்யும் கம்பெனி வேறு. விற்கும் கடைக்காரர் வேறு. அந்தக் கடைக்காரருக்குத்தான் டீலர் என்று பெயர். அவர் கம்பெனியிடம் மொத்தமாக வண்டி வாங்குகிறார். தன் பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டு ஷோரூம் கட்டுகிறார். வண்டியைக் காட்டுகிறார். ஓட்டிப் பார்க்கத் தருகிறார். கடனுக்கு ஏற்பாடு செய்கிறார். இன்சூரன்ஸ் போடுகிறார். ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு செய்து தருகிறார். பழுது வந்தால் அங்கேயே போகலாம். சண்டை போடவும் ஓர் ஆள் இருக்கிறார்!

இதில் குறையும் உண்டு. ஒரே கார், ஒரு கடையில் ஒரு விலை, இன்னொரு கடையில் இன்னொரு விலை. "அந்தச் செலவு, இந்தச் செலவு" என்று பில்லில் சேர்ப்பதும் உண்டு. படிக்கத் தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார்?

கடை கைக்குள் வந்தது

இப்போது நிலைமை மாறி வருகிறது. சில உண்மைச் செய்திகளைப் பாருங்கள்.

2020-இல் ஹூண்டாய் கம்பெனி வீட்டிலிருந்தே கார் வாங்கும் வசதியைத் தொடங்கியது. அது கொரோனா காலம். கடைகள் மூடிக் கிடந்தன. ஆகவே மற்றக் கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன.

2021 ஜூலையில் ஓலா எலெக்ட்ரிக் கம்பெனி 499 ரூபாய் அச்சாரம் வாங்கிக்கொண்டு பேட்டரி ஸ்கூட்டருக்குப் பதிவு தொடங்கியது. கடையே இல்லை, எல்லாம் போனில்தான். 24 மணி நேரத்தில் 1 லட்சம் பேர் பதிவு செய்தார்கள் என்று கம்பெனி சொன்னது. அந்த ஸ்கூட்டரின் தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே இருக்கிறது.

அதே 2021-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி முறையையே மாற்றியது. டீலர் வாங்கி விற்பதற்குப் பதிலாகக் கம்பெனியே நேரடியாக விற்கிறது. டீலருக்குக் கமிஷன் மட்டும். எங்கே வாங்கினாலும் கம்பெனி சொல்வதுதான் விலை.

2022 ஜூலை 30 அன்று மகிந்திரா கம்பெனி ஸ்கார்பியோ-என் என்ற காருக்குப் பதிவு தொடங்கியது. முதல் ஒரு நிமிடத்தில் 25,000 பதிவு. அரை மணி நேரத்துக்குள் 1 லட்சம் பதிவு. ஒரு காலத்தில் காருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில் இப்படி நடந்தது!

அப்படியானால் கடையே வேண்டாமா? அப்படியும் இல்லை. போனில் பதிவு செய்தாலும், இந்தியாவில் பெரும்பாலான புதிய கார்கள் கடைசியில் டீலர் வழியாகத்தான் கைக்கு வருகின்றன. போனில் மட்டுமே விற்ற ஓலா, பிறகு ஊர் ஊராகக் கடை திறந்தது. 2024 டிசம்பரில் ஒரே நாளில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் திறந்ததாக அறிவித்தது. அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி உலகெங்கும் இணையம் வழியாகவே கார் விற்கிறது. அதுவும் 2025 ஜூலையில் மும்பையில் ஒரு ஷோரூம் திறந்துதான் இந்தியாவுக்குள் வந்தது.

ஏன்? படத்தில் நிறம் தெரியும். சீட்டில் உட்கார்ந்தால் முதுகு வலிக்குமா என்பது தெரியாது. வண்டி நின்றுபோனால் போனால் தள்ள முடியாது. தொட்டுப் பார்க்க ஓர் இடமும், பழுது பார்க்க ஓர் ஆளும் எப்போதும் தேவை.

கடைகளை நம்பிப் பிழைப்பவர்களையும் மறக்கக் கூடாது. விற்பனையாளர், மெக்கானிக், வண்டி கழுவுபவர், காவல்காரர் என்று ஒரு ஷோரூமை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஃபோர்டு கம்பெனி 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் தொழிலாளர் மட்டுமா கலங்கினார்கள்? பணம் போட்ட டீலர்களும், அவர்களிடம் வேலை செய்தவர்களும் கலங்கினார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கார் கம்பெனி நேரடியாக விற்கக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. டீலர்களைக் காக்க வந்த சட்டம் அது. விற்கும் முறை மாறும்போது லாபம் ஒருவருக்கு, நட்டம் ஒருவருக்கு. இதை யோசிக்க வேண்டியது அரசின் கடமை.

மலிவு விலைக் கார்

இனி லேக் மார்க்கெட் குடும்பத்துக்குத் திரும்புவோம்.

பழைய கார் வாங்க முன்பு என்ன வழி? தெரிந்த மெக்கானிக், தரகர், பத்திரிகை விளம்பரம். இப்போது போனில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சொந்தக்காரரே படம் போட்டு விற்கும் இடம். அதை நடத்தும் கம்பெனி இடம் மட்டும் தரும். விற்பவர் நல்லவரா என்பதற்கு அது பொறுப்பு ஏற்காது. ஊர்ச் சந்தை மாதிரி என்று வையுங்கள். இன்னொன்று, கம்பெனியே பழைய காரை வாங்கி, சரி செய்து, தன் பொறுப்பில் விற்பது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது மிக அவசியம்.

அப்பா முதல் வகையில் ஒரு காரைப் பார்த்தார். இரண்டரை லட்சம் பெறும் கார். விலை 95,000 என்று போட்டிருந்தது. மகளிடம் கேட்காமல் அவரே போன் செய்தார். மறுமுனையில் ஒருவர் இந்தியில் பேசினார்.

"நான் ராணுவத்தில் இருக்கிறேன். எனக்கு மாற்றல் ஆகிவிட்டது. அதனால்தான் இந்த விலை. வண்டியை ராணுவ லாரியில் அனுப்புகிறேன். முதலில் 5,000 ரூபாய் மட்டும் அனுப்புங்கள்" என்றார்.

ராணுவ உடையில் ஒரு படமும், அடையாள அட்டையும் வந்தன. அப்பா நம்பினார். பக்கத்துக் கடைப் பையன் உதவியால் 5,000 அனுப்பினார்.

மறுநாள் அதே ஆள் பேசினார். "லாரிக்கு இன்னும் 25,000 கட்ட வேண்டும்" என்றார். அப்பா பயந்து, "வண்டி வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார். "சரி, ஒரு கட்டம் போட்ட படம் அனுப்புகிறேன். அதை ஸ்கேன் செய்து, உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள். பணம் உங்களுக்கு வந்துவிடும்" என்றார் அந்த ஆள்.

அப்பா போனைக் கையில் எடுத்தார். எண்ணைத் தட்டப் போனார். அம்மா பக்கத்தில் மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

"இருங்க, இருங்க! அதுல என்ன எழுதியிருக்கு?"

மகள் அந்த ஆப்பைத் தமிழில் மாற்றி வைத்திருந்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"செ... லு... த்து. செலுத்து. 25,000 ரூபாய். ஏங்க, இது பணம் வர்றது இல்லீங்க. நம்ம பணம் போறது!"

அப்பாவின் விரல் நின்றது.

தோழர்களே, அந்த ஒரு சொல் 25,000 ரூபாயைக் காப்பாற்றியது. 1991-இல் கற்ற எழுத்து, இத்தனை ஆண்டு கழித்துக் கொல்கத்தாவில் கூலி கொடுத்தது.

நன்றாக நினைவில் வையுங்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம். ரகசிய எண் கேட்டால், பணம் உங்களிடமிருந்து போகிறது என்றே பொருள். ராணுவ வீரர் என்று பொய் சொல்லி ஏமாற்றுவது நாடெங்கும் நடக்கிறது. ராணுவத்தின் மீது மக்களுக்கு உள்ள மதிப்பை அவர்கள் மூலதனம் ஆக்குகிறார்கள்.

மகள் வந்ததும் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தாள். இணையப் பண மோசடிகளுக்கு நாடு முழுவதற்குமான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. புகார் எண் கிடைத்தது. அந்த 5,000 இன்னும் திரும்பவில்லை. "ஆயிரம் இட்லிக் காசு" என்று அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அவரைத் திட்டவில்லை. "இனிமே மூணு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார்.

பல்லைப் பிடித்துப் பார்

அடுத்து இரண்டாவது வகையில் தேடினார்கள். போனில் இரண்டு கார்களைத் தேர்ந்தெடுத்தாள் மகள். ஆனால் பணம் கட்டவில்லை. மூவரும் நேரில் போனார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போனார்கள். அவர் மல்லிக் பஜாரில் வேலை செய்பவர். கொல்கத்தாவில் பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களுக்குப் பேர் போன இடம் மல்லிக் பஜார்.

முதல் கார் பளபளவென்று இருந்தது. மெக்கானிக் கதவைத் திறந்தார். தரை விரிப்பைத் தூக்கினார். மோந்து பார்த்தார். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளைப் பார்த்தார். துருப்பிடித்திருந்தன. விரிப்புக்கு அடியில் காய்ந்த சேறு இருந்தது.

"இது தண்ணியில நின்ன வண்டி" என்றார்.

2025 செப்டம்பர் 23 அன்று கொல்கத்தாவில் பெருமழை பெய்தது நினைவிருக்கிறதா? தெருக்கள் எல்லாம் மூழ்கின. 2015-இலும் 2023-இலும் சென்னையில் நடந்ததும் அதுதான். மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து விற்பவர்களும் உண்டு. வெளியே பளபளப்பு. உள்ளே ஒயரும் எஞ்சினும் பாழ். படத்தில் மணம் வராது அல்லவா? அப்பா சொன்னது சரிதான். பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கார் நன்றாக இருந்தது. மகள் ஓட்டிப் பார்த்தாள். மெக்கானிக்கும் சரி என்றார். அப்பா, "பணத்தைக் கட்டிடலாமா?" என்றார்.

"இன்னும் காகிதம் பார்க்கல" என்றார் அம்மா.

காகிதம்தான் வண்டி

மகள் சொன்னது எதில் சரி? போனால் நல்ல பயனும் உண்டு என்பதில்தான். அரசின் எம்-பரிவாகன் என்ற ஆப் இருக்கிறது. அதில் வண்டி எண்ணைப் போட்டால் பல விவரம் தெரியும். எந்த ஆண்டு பதிவானது, இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று பார்க்கலாம். முன்பு இதற்கெல்லாம் ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டும். இப்போது வாசலில் நின்றபடியே பார்க்கலாம்.

பார்த்தார்கள். ஆண்டு சரி. இன்சூரன்சும் சரி. ஆனால் ஆர்.சி.-யில் ஒரு வங்கியின் பெயர் இருந்தது. அப்படி என்றால் என்ன? பழைய சொந்தக்காரர் கடன் வாங்கி இந்தக் காரை வாங்கியிருக்கிறார். கடன் தீர்ந்தால், வங்கி "ஆட்சேபம் இல்லை" என்று கடிதம் தர வேண்டும். ஃபாரம் 35-இல் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கொண்டு ஆர்.சி.-யில் வங்கியின் பெயரை நீக்க வேண்டும். கடன் தீராமல் வண்டியை வாங்கினால், வங்கி ஆள் வந்து வண்டியை எடுத்துப் போகலாம்.

அம்மா அந்தக் கடிதத்தைக் கேட்டார். "அப்புறம் தருகிறோம்" என்றார்கள். "அப்புறமே பணமும் தர்றோம்" என்றார் அம்மா. நான்கு நாளில் கடிதம் வந்தது.

பிறகு போனில் நிபந்தனைகள் வந்தன. நீளமான பக்கம். ஆங்கிலத்தில் இருந்தது. கடைசியில் ஒரு சின்னக் கட்டம். "நான் சம்மதிக்கிறேன்" என்று பொருள். அதைத் தொட்டால் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். வண்டி பிடிக்காவிட்டால் சில நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருந்தது. இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருந்தால் திருப்பித் தர முடியாது என்று இங்கே சின்ன எழுத்தில் இருந்தது. பெயர் மாற்றும் செலவு விலையில் சேருமா என்பது தெளிவாக இல்லை.

"பேரு மாத்தித் தர்றது யாரு பொறுப்பு? எத்தனை நாள்ல? அதை எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார் அம்மா. எழுதி வாங்கிய பிறகுதான் அந்தக் கட்டத்தைத் தொட்டார்கள்.

பெயர் மாற்றம் ஏன் அவ்வளவு முக்கியம்? இதை வாங்குபவரும் கேளுங்கள், விற்பவரும் கேளுங்கள்.

பணம் கொடுத்துச் சாவி வாங்கினால் மட்டும் போதாது. ஆர்.சி.-யில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் கண்ணில் அவரே சொந்தக்காரர். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒருவர் தன் காரை விற்றுவிட்டார். அது கை மாறிக் கை மாறிப் போனது. ஆர்.சி.-யில் பெயர் மட்டும் மாறவில்லை. அந்தக் கார் ஒரு விபத்தில் சிக்கியது. நட்ட ஈடு யார் தர வேண்டும்? ஆர்.சி.-யில் பெயர் உள்ளவர்தான் என்றது நீதிமன்றம். வண்டி போய்விட்டது, வழக்கு மட்டும் வீட்டுக்கு வந்தது!

ஆகவே ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டும் நிரப்பிப் பெயர் மாற்ற வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். நிரப்பாத வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது.

பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதியும் இருக்கிறது. அவர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். உங்கள் வண்டியை அவர்களிடம் விற்க ஒப்படைத்தால், அதை அரசின் இணையப் பக்கத்தில் பதிய வேண்டும். அதன் பிறகு அந்த வண்டிக்கு அவர்களே பொறுப்பு. ஆகவே "உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

கம்பெனியோ வியாபாரியோ ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

யார் பெயரில் வண்டி?

கொல்கத்தாவில் பெல்தலாவில் இருக்கிறது வண்டிப் பதிவு அலுவலகம். அங்கே பெயர் மாற்றம் நடந்தது. சில வாரத்தில் தபாலில் ஆர்.சி. அட்டை வந்தது. ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. ஆனாலும் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"என் பேருலயா வாங்குனீங்க?" என்றார்.

"படிச்சுப் பார்த்து வாங்குனது நீதானே" என்றார் அப்பா.

மறுநாள் பாட்டி காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தோழர்களே, அந்தக் காலத்தில் கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நம் முன்னோர்கள் விரலை வைத்தார்கள். நிலம் போனது, மாடு போனது. அந்த மையைத் துடைக்கத்தான் எழுத்துக் கற்றோம். இன்று மை இல்லை. கண்ணாடித் திரை இருக்கிறது. ஆனால் படிக்காமல் வைத்தால் அதுவும் கைநாட்டுதான்.

போனில் தேடுங்கள். விலையை ஒப்பிடுங்கள். அது நல்ல வசதி. ஆனால் வண்டியை நேரில் பாருங்கள். காகிதத்தைப் படியுங்கள். புரியாததைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவசரப்படுத்துபவரை நம்பாதீர்கள். ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். சாவி வந்த பிறகும், ஆர்.சி. உங்கள் பெயருக்கு வரும் வரை ஓயாதீர்கள்.

முதலில் கண், பிறகு விரல். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.